மீனின் உயிரும் நாயின் அரிப்பும்

நாய்க்கு முடி கொட்டுகிறது. வயிற்றுத் தோல் சிவந்து கிடக்கிறது. ராத்திரி முழுக்கக் காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் ஊசி, ஷாம்பு, உண்ணிக்கு மருந்து என்று நீளும் சீட்டின் கடைசியில் 'ஒமேகா-3' என்று ஒரு வரியும் சேரலாம். மெடிக்கலில் வாங்கிப் பிரித்தால் மஞ்சளாகக் கண்ணாடிபோல் மின்னும் மாத்திரை, இல்லையென்றால் பம்ப் வைத்த ஒரு பாட்டில். மூடியைத் திறந்ததும் விஷயம் புரிந்துவிடும். மீன் வாடை.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொதிக்கும் வீட்டில் இது ஒரு பேச்சே இல்லை. கதை ஆரம்பிப்பது சைவ வீட்டில். கொரட்டூர், முகப்பேர், திருமுல்லைவாயில் அடுக்ககங்களில் தயிர்சாதம் தின்றே வளர்ந்த லாப்ரடார்கள் உண்டு. முட்டைகூட நுழையாத சமையலறைகள் அவை. "நாம தொடாததை அதுக்கு மட்டும் ஏன் குடுக்கணும்?" என்று பாட்டி கேட்பார். "அது நாய் பாட்டி, அதோட சாப்பாடே அதுதான்" என்பான் பேரன். இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது.

இதை வீட்டு வம்பு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஓர் உயிரின் துன்பம் தீர இன்னோர் உயிரை எடுக்கலாமா என்ற கேள்வியோடு இந்த மண்ணின் சமயங்கள் வெகுகாலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. நாயின் தோல் அந்தக் கேள்விக்கு மிகச் சிறிய உதாரணம். சிறியதாக இருப்பதிலும் ஒரு வசதி உண்டு. பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. மில்லிகிராம் கணக்குவரை இறங்கியாக வேண்டும்.

பாட்டியின் மறுப்பை முதலில் பிரித்துப் பார்க்கலாம். அதில் இரண்டு மறுப்புகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று தீட்டு: அந்த வாடை அடுப்படிக்குள் வரக்கூடாது, பாத்திரத்தில் படக்கூடாது, அந்த வாயோடு நாய் பூஜை அறைப் பக்கம் போகக்கூடாது. மற்றொன்று கொலை: ஒரு மீன் செத்துத்தான் அந்த எண்ணெய் வந்தது. பேச்சில் இரண்டும் ஒன்றாகவே வரும். கிளறிப் பார்த்தால் முதலாவதற்குத்தான் வேகம் அதிகம். வாடையே இல்லாத மாத்திரையாக இருந்தால் பல வீடுகளில் கேள்வியே எழாது. அப்படிக் கேள்வி எழாமல் உள்ளே வந்து உட்கார்ந்த பொருள்கள் ஏராளம்.

பட்டை எடுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் நெடுஞ்சாலை பூந்தமல்லியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அந்தச் சாலையில் வந்து சேரும் கல்யாணப் புடவை, கூட்டுக்குள் புழு இருக்கும்போதே கொதிநீரில் போட்டு உருவிய நூலால் நெய்தது. ஆனாலும் பூஜைக்கும் மடிக்கும் பட்டுதான் உகந்தது என்பது வழக்கம். காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டைத் தவிர்க்கும்படி சொல்லிப் பார்த்தார். அவர் படத்தை வாசலில் மாட்டிய வீடுகளிலேயே அது முழுதாக எடுபடவில்லை. மிருதங்கமும் அப்படித்தான். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் அதற்கு நாதம் வரும். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து வார்பிடித்துக் கட்டும் கைகளைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். சபாவில் மிருதங்கம் வாசிப்பவர்களிலும் கேட்பவர்களிலும் புலால் உண்ணாதவர்களுக்குக் குறைவில்லை. வாடை வராத கொலைக்கு மன்னிப்பு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

தீட்டு வாதத்துக்குப் பூந்தமல்லியே ஒரு பழைய பதிலை வைத்திருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசியவர், பிராமணர் அல்லர். அவரை வீட்டுக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண ராமானுஜர் ஆசைப்பட்டார். நம்பி சாப்பிட்டுப் போனதும் ராமானுஜரின் மனைவி மிச்சத்தை வெளியே கொடுத்துவிட்டு, இடத்தைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டார் என்றும், திரும்பிவந்த ராமானுஜர் அதைப் பார்த்து நொந்துபோனார் என்றும் வைணவ குருபரம்பரை சொல்கிறது. தொட்டது, பட்டது என்ற கணக்கைப் பெரியவர்கள் எங்கே வைத்தார்கள் என்பதற்கு அது போதும். மீன் எண்ணெய்ப் பாட்டிலைப் பால்கனி அலமாரியில் வைத்து, நாய்க்கென்று தனிக் கிண்ணம் ஒதுக்கினால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

கொலை அப்படி முடிகிற விஷயம் இல்லை.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது திருமுல்லைவாயில். அங்கிருக்கும் மாசிலாமணீஸ்வரர் மீது வள்ளலார் பாடியிருக்கிறார். திருவருட்பாவில் அந்தப் பதிகம் உண்டு. சென்னையில் வாழ்ந்த காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரக் கோயில்கள் அவருக்குப் பழக்கமானவை. பிறகு அவர் தெற்கே போய் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியைத் தீர்ப்பதே ஜீவகாருண்யத்தின் உச்சம் என்று சொன்னவர் அவர். அப்படிப்பட்டவரே ஓரிடத்தில் கறாராகக் கோடு போட்டார்: ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியை ஆற்றுவதைக் கருணையில் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை. பசிக்கே சேராதென்றால் முடியின் மினுமினுப்புக்கு எப்படிச் சேரும்?

"நான் கொல்லலையே, கடையில இருந்ததைத்தானே வாங்கினேன்" என்ற சமாதானம் உடனே வரும். இதுவும் பழைய வாதம். தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகிக்காமல் இருந்தால் பிச்சையில் விழுந்த புலாலைப் பௌத்தத் துறவி ஏற்கலாம் என்று விதி இருந்தது. திருக்குறளின் 26-ஆம் அதிகாரமான புலால் மறுத்தல் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. வாங்குபவன் இருப்பதால்தான் கொல்பவன் இருக்கிறான் என்பது அங்கே வள்ளுவரின் வாதம். இன்றைய பொருளாதாரப் பேராசிரியர் இதைத் 'தேவை, அளிப்பு' என்பார்.

சரி, எத்தனை மீன்? உலகச் சந்தைக்கு வரும் மீன் எண்ணெயில் பெரிய பங்கு பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் ஆங்கோவேட்டாவிலிருந்து வருகிறது. நம் நெத்திலிக்கு உறவு. முழு மீனை அரைத்துப் பிழிந்தால் சராசரியாக எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் எண்ணெய் கிடைக்கும். அதாவது 1 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் மீன். ஓர் ஆங்கோவேட்டாவின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, 1,000 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு மீன் ஒன்று. தினம் இரண்டு மாத்திரை சாப்பிடும் நாய் ஆண்டுக்கு எழுநூற்றுச் சொச்சம் மீன்களின் எண்ணெயைத் தின்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் பிழிந்த பிறகு மீதமுள்ள சக்கை மீன்தூளாகி இறால் பண்ணைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. அந்த எழுநூறு மீன்களின் பாவத்தை இறால் வறுவல் சாப்பிடுபவரோடு பங்கு போட வேண்டும். மீன் பதனிடும் ஆலைகளில் வெட்டி எறியும் தலை, குடல், செதில் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயும் சந்தையில் உண்டு. அதற்காக மட்டும் யாரும் வலை வீசுவதில்லை. பாட்டில் லேபிளைப் பார்த்து எந்த எண்ணெய் எந்த வகை என்று தெரிந்துகொள்வது மட்டும் லேசில்லை.

சமயம் என்றாலே சைவச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வதும் ஒரு குறுக்குவழி. பெரியபுராணத்தில் வரும் அதிபத்தர் நாகப்பட்டினத்துப் பரதவர். மீன் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. பிடிபடுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் திரும்ப விடுவது அவர் விரதம். வறுமையில் வாடிய காலத்தில் ஒரே ஒரு மீன், அதுவும் பொன்னும் மணியும் பதித்ததாக அகப்பட்டபோது அதையும் விட்டார். தொழிலை விடு என்று சிவன் அவரிடம் கேட்டதாகக் கதையில் இல்லை. ஆவடி, பூந்தமல்லி பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் மீன் எண்ணெயில் தடை எதுவும் கிடையாது. அவர்கள் விசாரிப்பது மாத்திரையின் மேலுறை எந்த விலங்கின் ஜெலட்டின் என்பதை. கிறிஸ்தவர்களிலோ தவக்காலத்தில் இறைச்சியை விட்டவர்களும் மீன் சாப்பிடலாம் என்ற வழக்கம் உண்டு.

இதே சுற்றுவட்டாரத்தில் வள்ளலாருக்கு நேர் எதிராக நிற்கும் ஒருவரும் இருக்கிறார். திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் பலருக்கு அந்த ஊரில் பிறந்த மூர்க்க நாயனாரைத் தெரியாது. அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தைக் கரைத்தவர். கையில் ஒன்றும் இல்லாமல் போனதும் தனக்குத் தெரிந்த சூதாட்டத்தில் இறங்கினார். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்று, அடுத்தடுத்த ஆட்டங்களில் வெல்வது அவர் உத்தி. ஏமாற்றியவர்களைச் சுரிகையை உருவிக் குத்தினார். மூர்க்கர் என்ற பெயர் அப்படி வந்தது. உள்ளூரில் அவரோடு ஆட யாரும் மிஞ்சாதபோது கும்பகோணம்வரை போனார். பக்கத்துக் குன்றத்தூர்க்காரரான சேக்கிழார் இவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்துப் பாடியிருக்கிறார். சூதுப் பணம், கத்திக்குத்து, அதன் முடிவில் அன்னதானம், இவர் நாயனார்!

நல்ல காரியத்துக்கு வழி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. கதை அவ்வளவு தாராளமாக இல்லை. வென்ற பொருளை மூர்க்கர் தன் கையால் தீண்டமாட்டார். சமையல்காரர்களிடம் போய்ச் சேரும். தானும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். வழி கறை படிந்தது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கறையிலிருந்து தனக்கென்று ஒரு துளி லாபமும் எடுத்துக்கொள்ளாததுதான் சேக்கிழார் அவருக்குக் கொடுக்கும் பிணை. இங்கேதான் நாய்க்காரருக்குச் சங்கடம் வருகிறது. எழுநூறு மீன்களின் எண்ணெயால் வரும் பயன் யாருக்கு? அரிப்பு அடங்கித் தூங்கும் நாய்க்கா, வாக்கிங் போகும்போது "என்ன சார், கோட் இப்படி ஜொலிக்குது!" என்று பாராட்டு வாங்கும் எஜமானருக்கா?

இந்த இடத்தில் சாஸ்திரத்தை மூடிவைத்துவிட்டுத் தோல் மருத்துவத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. பளபளப்பும் அரிப்பும் இரண்டு தனித்தனி விவகாரங்கள். அவற்றுக்கு வேண்டிய கொழுப்புகளும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் தர்மம் பேசுவதில் பயன் கொஞ்சம்தான்.

நாயின் மேல்தோலில் செல்களுக்கு இடையே ஈரம் வெளியேறாமல் காக்கும் ஒரு கொழுப்புப் பூச்சு உண்டு. அதற்கு முக்கியமான மூலப்பொருள் லினோலெயிக் அமிலம், ஒமேகா-6 வகை. நாயின் உடல் அதைத் தானே செய்துகொள்ளாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். குறைந்தால் முடி வறண்டு மங்கும், தோல் செதில் செதிலாக உதிரும். தயிர்சாத நாய்களுக்குப் பெரும்பாலும் இருக்கும் குறை இதுவும், புரதமும் துத்தநாகமும் போதாமையும்தான். இந்த லினோலெயிக் அமிலம் வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்குமேல் இருக்கிறது. நல்லெண்ணெயில் 40 சதவீதம் அளவுக்கு. தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் போலத்தான், அதனால் அதைத் தடவி வழிப்பதில் இந்தக் குறை தீராது. ஆக, மினுமினுப்புதான் வேண்டும் என்றால் சாப்பாட்டைச் சீர்செய்து கொஞ்சம் சூரியகாந்தி எண்ணெய் சேர்த்தாலே போதும். ஒரு மீனும் சாக வேண்டாம். வள்ளலார் பக்கமே இந்த வழக்கு தீர்ந்துவிடுகிறது.

அரிப்பு வேறு. தூசி, பூஞ்சை, மகரந்தம் என்று எதையாவது தாங்காமல் தோல் அழற்சி கொள்ளும் ஒவ்வாமை லாப்ரடாருக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் பக்குக்கும் அதிகம் வரும். காதும் பாதமும் அக்குளும் சிவந்து, நாய் தன்னைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மீன் எண்ணெயில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 அமிலங்கள் செல் சவ்வுக்குள் புகுந்து, அழற்சியைக் கிளப்பும் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. ஆளிவிதை எண்ணெயில் இருப்பதும் ஒமேகா-3 தானே என்று கேட்கலாம். அதிலுள்ள வகையை இ.பி.ஏ.யாக மாற்றும் திறமை நாயின் உடலுக்கு மிகக் குறைவு.

பலன் எவ்வளவு? அளவோடுதான் பேச வேண்டும். மீன் எண்ணெயும் போரேஜ் விதை எண்ணெயும் கலந்து கொடுத்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. ஒவ்வாமை நாய்களுக்கு அன்றாடம் தேவைப்பட்ட பிரெட்னிசோலோன் அளவு அதில் குறைந்தது. தாகம், ஓயாத சிறுநீர், தசை கரைவது என்று ஸ்டீராய்டு மாத்திரை தரும் தொல்லையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறைவு சின்ன விஷயம் இல்லை. ஆனால் எண்ணெய் மட்டுமே நோயை அடக்கிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தோல் நோய்க்குச் சொல்லப்படும் அளவின்படி 10 கிலோ நாய்க்கு இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 700 மில்லிகிராம். சாதாரண 1,000 மில்லிகிராம் மாத்திரையில் இந்த இரண்டும் 300 மில்லிகிராம்தான் இருக்கும். மீதி வெறும் எண்ணெய். அட்டையில் பெரிதாக அச்சடித்த எண்ணை மருந்தின் அளவு என்று எடுத்துக்கொண்டு கொடுப்பவர்கள் நிறைய. உச்ச வரம்பும் உண்டு: அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கவுன்சில் 2006-இல் வகுத்த கணக்கு அதே 10 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 2,000 மில்லிகிராமில் நிற்கிறது. அளவு மீறினால் பேதி, எடை கூடுவது, ரத்தம் உறைவதில் தாமதம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் 'காட் லிவர்' எண்ணெயை இதற்குப் பதில் ஊற்றக்கூடாது. அது ஈரல் எண்ணெய்; வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில் கூடுதல், நாயின் உடலில் சேர்ந்து நஞ்சாகலாம்.

சென்னையின் மேற்கு ஓரத்தில் நாய் சொறிவதற்கு ஒவ்வாமைக்கு முன்னால் வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன: உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பேன், ஐப்பசி ஈரத்தில் மடிப்புகளில் பிடிக்கும் பூஞ்சை. பனிப்பிரதேசத்து ஹஸ்கியை ஆவடி வெயிலில் மூன்றாவது மாடியில் வளர்ப்பதும் ஒரு காரணம்தான், அதைச் சீட்டில் எழுதமாட்டார்கள். உண்ணி கடித்துச் சொறியும் நாய்க்கு மீன் எண்ணெய் ஊற்றினால் மீனும் வீண், நாயும் அப்படியே. அந்த மாத்திரைக்கு எந்தச் சமயத்திலும் நியாயம் கிடையாது. உண்ணியைப் பிடுங்கவும் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் முதலில் ஒருவர் வேண்டும். உள்ளூரில் பிடிபடாத தோல் நோய்களோடு இந்தப் பகுதியிலிருந்து வேப்பேரிக்குப் போகிறவர்கள் உண்டு. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது.

பேரனின் வாதத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாய் மாமிசம் தின்னும் பிராணிதானே, அதன் இயல்பை நம் விரதத்துக்காக மாற்றலாமா? சிபிச் சக்கரவர்த்தி கதையில் பருந்து இதைத்தான் கேட்கிறது: புறாவைக் காப்பாற்றினாய், என் சாப்பாட்டுக்கு என்ன வழி? சோழர்கள் தங்கள் முன்னோராகச் சொல்லிக்கொண்ட அந்த மன்னன் பருந்துக்குக் கீரை கொடுத்துப் பார்க்கவில்லை. அதன் கேள்வி நியாயம் என்று ஒப்புக்கொண்டு தன் தொடையை அறுத்தான். அந்த வழி நமக்குக் கிடையாது. ஆனால் நாய் பருந்தும் அல்ல, ஓநாயும் அல்ல. 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் வீசிய சோற்றைத் தின்று தின்று மாறிய பிராணி அது. நன்றாகத் திட்டமிட்டால் நாய் சைவச் சாப்பாட்டில் வாழும். தயிர்சாதம் மட்டும் திட்டம் ஆகாது.

அதன் சார்பில் முடிவெடுக்க நாம் யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. காந்தி இதைச் சொந்த வீட்டிலேயே சந்தித்தார். 1902-இல் பம்பாயில் அவருடைய பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு, நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். காந்தி மறுத்து, ஈரத்துணி சுற்றி, ஆரஞ்சுச் சாறும் தண்ணீர் கலந்த பாலும் கொடுத்தார். பிள்ளை பிழைத்தான். எதனால் பிழைத்தான் என்று யார் சொல்ல முடியும் என்ற தொனியில்தான் அவரே தன் சத்தியசோதனையில் எழுதுகிறார். அந்த முடிவுக்கு முன் பையனிடமும் கேட்டார்; அவனும் கோழிச்சாறு வேண்டாம் என்றான். பத்து வயதுப் பிள்ளை அப்பாவிடம் வேறென்ன சொல்லும் என்று கேட்கலாம். கேட்டார் என்பதாவது இருக்கிறது. நாய்க்கு அந்த வாய்ப்பு கிடையாது. தன் விரதத்தால் வரும் கஷ்டத்தைத் தானே தாங்கும்வரைதான் அது விரதம். மேலே சொன்ன எல்லாச் சோதனையும் முடிந்து, மருத்துவரும் வேண்டும் என்று சொன்ன பிறகு, நம் புண்ணியத்துக்காக இன்னொரு பிராணி ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தால் கணக்கு யார் பெயரில் எழுதப்படும் என்பது சந்தேகமே.

இதில் ஒரு விசித்திரம், இ.பி.ஏ.யையும் டி.எச்.ஏ.யையும் மீன் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை. கடலின் நுண்பாசிகள் செய்கின்றன. அவற்றை மிதவை உயிர்கள் தின்ன, அவற்றைச் சின்ன மீன் தின்ன, சத்து மேலே ஏறுகிறது. மீன் நடுவில் நிற்கும் தரகர். பாசி வகை நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து நேரடியாக எண்ணெய் எடுக்கும் தொழில் 1990-களிலிருந்து நடக்கிறது; குழந்தைகளின் பால்பவுடரில் சேரும் டி.எச்.ஏ. பெரும்பாலும் அந்த வழியில் வருவதே. நாய்க்கும் அதே எண்ணெய் ஆகும். இ.பி.ஏ. குறைவான ரகங்கள் உண்டு, அதனால் லேபிளில் இரண்டின் அளவையும் பார்க்க வேண்டும். மாத்திரையாக வாங்கினால் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. பாட்டிலில் வருவது அந்த வம்பு இல்லாதது. விலை மீன் எண்ணெயைவிடக் கூடுதல். ஹஸ்கிக்கு ஏ.சி. ஓட்டும் வீட்டில் விலை ஒரு காரணமாக நிற்காது. கம்பெனி பஸ்ஸில் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருபவர் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டிக்கு மீன் எண்ணெய் வாங்கினால் அவரிடம் வள்ளலாரை எடுத்துப் பேசும் உரிமை யாருக்கும் எளிதில் வராது.

பூனை வளர்ப்பவர்களுக்கு இதில் பாதி உதவாது. பூனைக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். அராக்கிடோனிக் அமிலத்தைப் போதிய அளவு செய்துகொள்ள அதன் உடலால் முடியாது, காய்கறியின் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றவும் முடியாது. தயிர்சாதத்தோடு அதை நிறுத்தினால் கண்ணும் இதயமும் கெடும். சைவ வீட்டுக்குள் ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தால் கேள்வி எண்ணெயிலிருந்து தொடங்காது, தட்டிலிருந்தே தொடங்கும்.